பீப்பா மூடியில் சுட்ட ரொட்டி

என்னுடைய முதல் மாப்பிள்ளைக்கு எங்கள் ஊர் வைத்த பட்டம் ‘பண்டி ரொட்டி’. பன்றியை எங்கள் பக்கத்தில் பண்டி என்போம், புருசனை மாப்பிள்ளை என்போம். ஐவேளையும் தவறாமல் தொழுத மனிதருக்கு வைத்த பட்டம் அது. எங்கள் ஊர் ஒருவரைப் பிடிக்காவிட்டாலும் பட்டம் வைக்கும், பிடித்தாலும் வைக்கும். ஆனால் இந்தப் பட்டம் அவரோடு நிற்கவில்லை. என் வீட்டுக்குள் வந்து என் பாயைச் சுருட்டிவிட்டுத்தான் போனது. இது எப்படி நடந்தது என்று ஊரில் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். எல்லாம் பிழை. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றவள் நான்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. மேற்கே காட்டுக்குள் ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். வெளிநாட்டு இஞ்சினியர்மாருக்கென்று அங்கே வரிசையாகப் பங்களாக்கள் இருந்தன. அதில் ஒன்றில் அவருக்குக் குசினியில் சமையல் வேலை. அந்த வீட்டுத் துரை எந்த நாட்டவரோ தெரியாது. துரைசாணி பிரான்ஸ்காரி. என் மாப்பிள்ளை வியாழக்கிழமை பின்னேரம் லொறியில் வந்து இறங்குவார், சனி விடியற்காலை திரும்பிப் போவார். மற்ற வேலைக்காரர்களுக்கு ஞாயிறு லீவு. இவர் ஜும்மாத் தொழுகைக்காக வெள்ளிக்கிழமையைக் கேட்டு வாங்கியிருந்தார். பன்றி தின்கிற வீட்டில் வேலை செய்கிறவன் என்று பிறகு வாய் கூசாமல் பேசியவர்களுக்கு இது ஞாபகம் வரவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். கலியாணம் முடித்தால் பெண் மாப்பிள்ளையின் வீட்டுக்குப் போவதில்லை. பெண்ணுக்கென்று கட்டிக் கொடுத்த வீட்டுக்கு மாப்பிள்ளைதான் வருவார். சாய்ந்தமருதில் கடல் சத்தம் கேட்கும் தூரத்தில் எனக்குத் தந்த வீடு அது. வாப்பா மௌத்தாகிவிட்டதால் உம்மா என்னோடுதான் இருந்தாள். மருமகன் முன்னால் மாமி வரக்கூடாது, முகம் பார்த்துக் கதைக்கக் கூடாது. வேலி வாசலான கடப்பில் அவர் செருமும் சத்தம் கேட்டதுமே உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “கேளு புள்ள, மீன் போதுமா என்டு” என்பாள். அது அவருடைய காதில் நன்றாக விழும். ஆனாலும் நான் திரும்ப அவரிடம் கேட்பேன், அவர் என்னிடம் பதில் சொல்வார், நான் சுவரிடம் சொல்வேன். மீன் அதற்குள் ஆறிவிடும்.

இப்படிப்பட்ட வீட்டில் மருமகன் குசினிக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? உம்மா தன் சொந்த அடுப்பை விட்டுக் கொல்லைப்புறம் ஓட வேண்டியதாயிற்று. முதல் நாள் அவர் அரிசி களைகிற அரிக்கன் சட்டியைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தபோது, உம்மா கையில் அகப்பையோடு பின்வாசலால் இறங்கி முருங்கை மரத்தடியில் போய் நின்றாள். அவர் வேலை முடித்து வெளியே வரும்வரை நின்றாள். நான் சிரித்தேன். உம்மா சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை உம்மா மறக்கவும் இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அவர் செய்ய வந்தது துரைசாணியிடம் படித்த ரொட்டி. நம்முடைய தேங்காய்ப்பூ ரொட்டி தடிப்பானது, ஒன்று தின்றால் மதியம் வரை பசிக்காது. இது வேறு சாதி. கோதுமை மாவில் உப்பும் தண்ணீரும் கொஞ்சம் எண்ணெயும் மட்டும்தான். புளிக்க வைப்பதில்லை. குழைத்து ஈரத்துணியால் மூடி வைத்துவிட்டு, பிறகு பலகையில் போட்டுச் சோடாப் போத்தலால் உருட்டுவார். உருட்டி உருட்டி, தூக்கிப் பிடித்தால் மறுபக்கத்து விரல் தெரிய வேண்டும். சாகாமம் ஊர் எருமைத் தயிரை முதல் நாளே துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்ததும் அதை மாவின் மேல் ஓரம் வரை பூசுவார். அதற்கு மேல் பம்பாய் வெங்காயத்தைப் பூ மாதிரி மெல்லிசாக அரிந்து தூவுவார். வெங்காயத்தின் மேல் இறைச்சி. அந்த இறைச்சிக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

துரைசாணியிடம் ரொட்டி சுடுகிற இரும்புப் போறணை இருந்தது. எங்களிடம் அப்பம் சுடுகிற ஓடுதான் இருந்தது. முதல் ரொட்டி அடியில் கருகி மேலே பச்சையாக இருந்தது. இரண்டாவதை மண்சட்டியால் மூடினார், சட்டி வெடித்தது. உம்மா முருங்கை மரத்தடியிலிருந்து, “சட்டி ஒண்டு போச்சு என்டு சொல்லு புள்ள” என்றாள். அடுத்த வியாழன் அவர் அணைக்கட்டுக் காம்பிலிருந்து ஒரு தகரம் கொண்டுவந்தார். எண்ணெய்ப் பீப்பாவின் மூடி, வட்டமாக, ஓரத்தில் விளிம்போடு. ரொட்டியை ஓட்டில் போட்டு, மூடியைக் கவிழ்த்து, அதன் மேல் சிரட்டைக் கரி நெருப்பைப் பரப்பினார். கீழே தீ, மேலே தணல். கொஞ்ச நேரத்தில் வெங்காயம் பொரியும் வாசம் வந்தது. மூடியைத் தூக்கியபோது ஓரமெல்லாம் சிவந்து, தயிர் அங்கங்கே கொப்புளித்து, நடுவில் பிடித்துத் தூக்கினாலும் மடியாமல் பலகை போல நின்றது. கடித்தால் சத்தம் கேட்டது. உள்ளே உப்பும் புளிப்பும் வெங்காய இனிப்பும். நான் வாழ்க்கையில் பல விருந்து சாப்பிட்டுவிட்டேன். அதைப் போல ஒன்றைச் சாப்பிடவில்லை, இனிச் சாப்பிடவும் போவதில்லை.

அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. காம்ப் வேலையை விட்டுவிட்டுக் கல்முனைச் சந்தைப் பக்கம் ஒரு சிறிய பேக்கரி போட வேண்டும். பாண் போடலாம், பணிஸ் போடலாம், இந்த ரொட்டியும் போடலாம். பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடை ஒன்று அப்போது காலியாக இருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்பது பள்ளிவாசலை நடத்துகிற மரைக்கார்மார் கையில். எங்கள் தாய்வழிக் குடிக்கு மரைக்கார் என் மாமா, உம்மாவின் கூடப்பிறந்தவர். கடை கிடைத்தால் என் மாப்பிள்ளை தினமும் வீட்டுக்கு வருவார். வியாழன் பின்னேரத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருக்கிற பிழைப்பு எனக்கு முடியும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கடையில் எனக்கு ஆசை இல்லை, ஆளில்தான் ஆசை.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து மாமா கொடுத்த குர்பான் இறைச்சியில் ஒரு பங்கு எங்களுக்கு வந்தது. உம்மா அதை உப்பும் மஞ்சளும் போட்டு வெயிலில் காயவைத்து வத்தலாக்கியிருந்தாள். அவர் அந்த வத்தலை ஊறவைத்து ஈர்க்குச்சி போல மெல்லிசாக அரிந்தார். ரொட்டிக்கு மேல் போட்டது அதைத்தான். அல்லாஹ்வின் பெயர் சொல்லி அறுத்த மாடு, பெருநாள் அன்று அறுத்த மாடு, மரைக்கார் வீட்டு மாடு. இதைவிட ஹலாலான இறைச்சியை யாராவது எங்கிருந்தாவது கொண்டுவர முடியுமென்றால் கொண்டுவரட்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, நாங்கள் விருந்துக்குக் கூப்பிட்டிருந்த மாமாவும் பள்ளிவாசல்காரர் இன்னும் சிலரும் வந்தார்கள். பாய் விரித்து, நடுவில் சஹனை வைத்தேன். சஹன் என்பது எல்லாரும் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுகிற பெரிய தட்டு. அவர் ரொட்டியை உடைத்து உடைத்து அதில் போட்டார். உடைகிற சத்தத்துக்கே ஒருவர் சிரித்தார். மாமா ஒரு துண்டு எடுத்தார், பிறகு பேசாமல் இன்னொன்று எடுத்தார். மாமா பேசாமல் சாப்பிட்டால் அது பெரிய புகழ்ச்சி. நான் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடை கிடைத்துவிட்டது என்றே எனக்குத் தோன்றியது. உம்மாகூட பின்னறைக்குள் கொஞ்சம் நிமிர்ந்து நின்றாள்.

வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். அவருடைய வாய் அவரை அதைவிடத் தூரம் கொண்டுபோனது. துரைசாணி வீட்டிலும் இப்படித்தான் சாப்பிடுவார்களா என்று மாமா சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். ஓம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவருக்குப் பொய் வராது, பாதி உண்மையும் வராது. சந்தோசத்தில் முகம் மலர்ந்து சொன்னார்:

“துரைசாணி இதுக்கு மேல பண்டி இறைச்சிதான் போடுவா, மாமா. நான் அத மாத்திட்டன். இது உங்கட குர்பான் மாடு.”

சஹனைச் சுற்றியிருந்த கைகள் அப்படியே நின்றன. அவர் பெருமையாகச் சொன்னது அவர்கள் காதில் வேறாக விழுந்தது. மாடு என்ற சொல் யாருக்கும் கேட்கவில்லை. ஒருவர் வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னம் உப்பிப்போய் இருந்தார். அந்த இறைச்சியைத் தொட்ட கையாலா மா குழைத்தாய் என்று ஒருவர் கேட்டார். தான் ஒரு நாளும் தொட்டதில்லை, அதை வெட்டுவதற்கும் சமைப்பதற்கும் அங்கே வேறு ஆள் இருக்கிறார், சட்டியும் கத்தியும் வேறு என்று அவர் சொன்னார். அந்தத் தகரம் எங்கேயிருந்து வந்தது என்று இன்னொருவர் கேட்டார். காம்பிலிருந்து, எண்ணெய்ப் பீப்பாவின் மூடி என்றார். காம்ப் என்ற சொல்லும் நன்றாகக் கேட்டது, எண்ணெய் என்ற சொல் கேட்கவில்லை. எழுந்து கை கழுவிக்கொண்டு போனார்கள். ஒருவர் கிணற்றடியில் வெகுநேரம் வாய் கொப்பளித்தார்.

ஆனால் கதை அதோடு முடிந்திருக்க வேண்டியது. இதைத்தான் ஊர் பிழையாகச் சொன்னது. அன்று பின்னேரம் மாமா தனியாகத் திரும்பி வந்தார். என் மாப்பிள்ளை அப்போது கடற்கரைப் பக்கம் போயிருந்தார். மாமா என்னையும் உம்மாவையும் கூப்பிட்டு, பொடியன் நல்லவன், நாக்குத்தான் நீளம் என்றார். தின்றது என் வீட்டு மாடு என்பது எனக்குத் தெரியும், வந்திருந்தவர்களிடமும் பேசிவிட்டேன், யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், நீங்களும் வாயைத் திறக்காமல் இருங்கள், கொஞ்ச நாள் போகட்டும், கடையைப் பார்க்கலாம் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உம்மா தலையை ஆட்டினாள்.

சனி விடியற்காலை அவர் லொறியேறிப் போனார். வெயில் ஏறியதும் உம்மா வேலையைத் தொடங்கினாள்.

பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால் கழுவ வேண்டும். இது எங்கள் பக்கத்தில் ஓதப் போன எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சட்டம். தெரிந்த சட்டமே தவிர யாரும் செய்து பார்த்த சட்டம் அல்ல. பன்றி எங்கே எங்கள் வீட்டுக்கு வரப்போகிறது? உம்மா சஹனை எடுத்தாள், அப்ப ஓட்டை எடுத்தாள், பலகை, கத்தி, தண்ணீர்ச் செம்பு, பீப்பா மூடி, நான் குடித்த கோப்பை வரை எல்லாவற்றையும் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். கிணறு வேலியோரம், வேலிக் கடப்புக்கு நேரே. கடப்பு திறந்து கிடந்தது. கல்முனைச் சந்தைக்குப் போகிற பெண்களெல்லாம் அந்த மணல் ஒழுங்கையால்தான் போக வேண்டும்.

வேண்டாம் உம்மா, மாமா சொன்னதை மறந்துவிட்டீங்களா என்று கெஞ்சினேன். தான் வாயைத் திறக்கவே இல்லையே என்றாள். உண்மைதான், வாயைத் திறக்கவில்லை. மண்ணைக் கரைத்தாள். கரைத்த மண்ணைச் சஹனில் ஊற்றித் தேய்த்தாள். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பெண் கடப்புக்குள் தலையை நீட்டி, என்ன மண் போட்டுக் கழுவுறீங்க என்று கேட்டாள். உம்மா நிமிரவில்லை.

“ஒண்டுமில்ல. ஒரு பேணுதலுக்குத்தான்” என்றாள்.

மண் போட்டுப் பாத்திரம் கழுவுவதற்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அதை வாயால் சொல்லத் தேவையில்லை. பேணுதல் என்கிற எச்சரிக்கைக்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உம்மா தன் கையாலேயே வீட்டுக்குள் பன்றி வந்ததாக ஊருக்குச் சாட்சி சொல்லிவிட்டாள். பயத்தில் செய்தாளா, அடுப்பை விட்டு முருங்கை மரத்தடியில் நின்ற நாட்களுக்காகச் செய்தாளா என்று நான் எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். பயம் என்று சொன்னால் உம்மாவை மன்னிக்கலாம். எனக்கு அது முடியவில்லை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. பின்னேர அசர் தொழுகைக்கு முன்னே செய்தி சந்தைக்குப் போனது, அந்தி மஃரிபுக்கு முன்னே மருதமுனைக்குப் போனது. போகப் போக அதற்குக் கை கால் முளைத்தது. மரைக்கார்மாருக்குப் பண்டி இறைச்சி கொடுத்தான், பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்தான், வெள்ளைக்காரியிடம் வேதம் மாறிவிட்டான். மாமா பேசிச் சமாளித்து வைத்தவர்கள், தாங்கள் அந்தச் சஹனில் கை வைத்ததை மறைப்பதற்காகவே எல்லாரையும்விட உரக்கப் பேசினார்கள். கடையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். தன் கையில் இப்போது ஒன்றும் இல்லை என்று மாமா சொன்னார். உண்மையாக இருக்கலாம்.

அடுத்த வியாழன் அவர் வந்தார். லொறியிலிருந்து இறங்கியதிலிருந்து ஒழுங்கை முனை வரை பிள்ளைகள் பின்னால் ‘பண்டி ரொட்டி’ என்று கத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவருக்கு விளங்கவில்லை. நான் சொன்னேன். அவர் கிணற்றடியைப் பார்த்தார். மண் அடையாளம் இன்னும் சிமெந்தில் காய்ந்து கிடந்தது. சரி, சோற்றைப் போடு என்றார்.

மாப்பிள்ளைக்குச் சோறு போடுவதற்கென்று பூப்போட்ட பீங்கான் கோப்பை ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. வேறு யாரும் அதில் சாப்பிடுவதில்லை. அன்று அதை வைத்த இடத்தில் காணவில்லை. அந்த இடத்தில் புதிதாக ஒரு தகரக் கோப்பை இருந்தது. உம்மா வாங்கி வைத்தது. வேறு கோப்பை தேடினேன், எல்லாவற்றையும் உம்மா பின்னறைக்குள் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். அதிலேயே சோறு போட்டேன். அவர் கோப்பையைப் பார்த்தார், கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். கை கழுவிவிட்டுப் பின்னறைச் சுவருக்கு நேரே போய் நின்றார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் உம்மாவோடு நேரே கதைத்தது அந்த ஒரு தரம்தான்.

“மாமி, நான் சாப்பிட்ட இந்தக் கோப்பையையும் மண் போட்டுத்தான் கழுவுவீங்களா?”

சுவர் பேசவில்லை. இல்லை மகன் என்று ஒரு சொல் வந்திருந்தால் போதும். எனக்குச் சொல்லச் சொல்லியாவது வந்திருக்கலாம். நான் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் தன் பெட்டியை எடுத்தார். நீயும் வா என்று கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. வீடு பெண்ணுடையது, போகிறவன் ஆண். வேலிக் கடப்பில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு வழக்கம்போல ஒரு செருமல். வரும்போது செருமுகிற மனிதர் போகும்போது செருமியது அன்றுதான். அடுத்த நாள் ஜும்மாவுக்கு அவர் எங்கள் பள்ளிக்கு வரவில்லை.

சில மாதத்தில் மாமா மூலம் தலாக் வந்தது. காத்திருப்புக் காலமான இத்தா இருந்தேன். பிறகு மருதமுனையிலிருந்து ஒரு சாறன் துணி வியாபாரியை முடித்து வைத்தார்கள். நல்ல மனிதர், மரியாதையானவர், குசினிப் பக்கம் தலை வைத்தும் படுக்காதவர். உம்மாவுக்கு அவரை மிகவும் பிடித்தது.

வருடங்கள் போயின. ஒரு நாள் மாமா கருவாட்டு லொறியோடு பதுளைக்குப் போய் வந்தார். திரும்பும்போது எங்கள் வீட்டுக்கு ஒரு பார்சல் கொண்டுவந்தார். பதுளையில் ஒரு பேக்கரி, முஸ்லிம் கடை, மார்க்கம் படித்த ஆலிம்கள்கூட வரிசையில் நின்று வாங்குகிறார்கள் என்றார். யாருடைய கடை என்று யாரும் கேட்கவில்லை, மாமாவும் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை.

தாளைப் பிரித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. விரல் தெரிகிற மெல்லிசு. ஓரம் வரை தயிர். வெங்காயம். மேலே ஈர்க்குச்சி போல அரிந்த மாட்டு வத்தல்.

வழியில் காற்றுப் பட்டு நமுத்துப்போயிருந்தது. உம்மா எழுந்து போய் அதைச் சூடு காட்டினாள். எதில் காட்டினாள் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பீப்பா மூடியில்தான். ஏழு தரம் கழுவிச் சுத்தமாக்கிய பிறகு உம்மா அதை எறியவில்லை, மிளகாய் வறுக்க வசதியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டாள். தகரம் சூடேறியதும் ரொட்டி பழையபடி விறைத்தது. சஹனில் போட்டுக்கொண்டு வந்தாள். உம்மாவும் மாமாவும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உடைகிற சத்தம் எனக்குக் குசினி வரை கேட்டது. உம்மா இரண்டாவது துண்டை எடுத்தாள்.

“நல்லாத்தான் இரிக்கி” என்றாள்.

அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்தேன். சஹனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். மண் அள்ளி வாளியில் போட்டுக் கரைத்தேன். கரைத்ததை ஊற்றித் தேய்க்கத் தொடங்கினேன். கடப்பு திறந்திருந்தது. சந்தைக்குப் போகிற இரண்டு பெண்கள் ஒழுங்கையில் நடையைத் தளர்த்தினார்கள்.

மாமா வாயைத் துடைத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார். உம்மா வாசலில் நின்றாள்.

“என்ன புள்ள செய்யிறாய்?”

“ஒண்டுமில்ல உம்மா. ஒரு பேணுதலுக்குத்தான்.”

உம்மா முக்காட்டைக்கூட இழுத்துப் போடாமல் முற்றத்தில் இறங்கி ஓடினாள். ஓடிப்போய்க் கடப்பை இழுத்துச் சாத்தினாள்.